வால் இல்லாத விமானம்!

குழந்தைகளே! பட்டம் விட்டிருக்கிறீர்களா? அடுத்த முறை விடும்போது, அதன் வாலை அவிழ்த்துவிட்டுப் பாருங்கள். மேலே ஏறியதும் இடமும் வலமுமாக ஆடும், கரணம் அடிக்கும். கடைசியில் 'பொத்'தென்று தரையில் வந்து விழும்.

விமானத்துக்கும் வால் தேவைப்படுகிறது. வாலில் படுக்கையாக உள்ள சிறு இறக்கைகள், விமானத்தின் மூக்கு மேலும் கீழுமாக ஆடாமல் பார்த்துக் கொள்கின்றன. செங்குத்தாக நிற்கும் பகுதி, பக்கவாட்டில் ஆடாமல் காக்கிறது.

அப்படியிருக்க, வாலே இல்லாத விமானத்தைச் செய்ய ஒருவர் ஆசைப்பட்டார். வால் மட்டுமல்ல, நீண்ட உடம்பும் அதற்குக் கிடையாது. வெறும் இறக்கைதான்! அவர் அமெரிக்காவைச் சேர்ந்த ஜாக் நார்த்ரப். 1895ல் பிறந்தவர்.

ஏன் இந்த ஆசை?

விமானத்தை மேலே தூக்கிப் பிடிப்பது இறக்கைதான். உடம்பும் வாலும் காற்றைக் கிழித்துக்கொண்டு போக வேண்டியிருப்பதால், வேகத்தைத் தடுக்கின்றன. அவற்றை நீக்கிவிட்டால் தடை குறையும். அதே எரிபொருளில் அதிக தூரம் போகலாம். இதுதான் நார்த்ரப் போட்ட கணக்கு.

வால் இல்லாமல் எப்படித் திருப்புவது? இறக்கையின் இரு நுனிகளிலும் மடிப்புத் தகடுகளை வைத்தார். ஒரு பக்கத் தகடு முதலை வாயைப் போலத் திறந்தால், அந்தப் பக்கம் காற்று தடுக்கும். விமானம் அந்தப் பக்கமே திரும்பும். படகில் ஒரு பக்கத் துடுப்பை மட்டும் தண்ணீரில் அழுத்திப் பிடித்தால், படகு அந்தப் பக்கம் திரும்புகிறது அல்லவா? அது போலத்தான்!

1940ல் மஞ்சள் வண்ணம் பூசிய சிறிய சோதனை விமானம் ஒன்றை அவரது நிறுவனம் பறக்க விட்டது. அப்போது இரண்டாம் உலகப் போர் நடந்து கொண்டிருந்தது. அட்லாண்டிக் கடலைத் தாண்டிப் போய்க் குண்டு வீசிவிட்டுத் திரும்பக்கூடிய விமானம் அமெரிக்க ராணுவத்துக்குத் தேவைப்பட்டது. 1941ல் நார்த்ரப்புக்கு வேலை கிடைத்தது.

ஐந்து பேருந்து அகலம்

அந்தப் பெரிய விமானத்தின் பெயர் எக்ஸ்.பி.35. ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை 172 அடி! சுமார் ஐந்து பெரிய பேருந்துகளை வரிசையாக நிறுத்திய அகலம். ஆனால், அது முதன்முதலாகப் பறந்தது 1946 ஜூன் மாதத்தில்தான். போர் முடிந்தே போயிருந்தது! சுழலும் விசிறிகளும் அவற்றை இயக்கும் கியர்பாக்ஸும் வேறு அடிக்கடி தொல்லை கொடுத்தன.

எனவே விசிறிகளை எடுத்துவிட்டு, எட்டு ஜெட் என்ஜின்களைப் பொருத்தினார்கள். ஆடாமல் இருக்க நான்கு சிறு செங்குத்துத் தகடுகளையும் சேர்த்தார்கள். ஒய்.பி.49 என்ற பெயரில் 1947 அக்டோபரில் அது பறந்தது. வேகம் கூடியது. ஆனால், அந்தக் கால ஜெட் என்ஜின்கள் எரிபொருளைக் குடித்துத் தீர்த்தன. போகக்கூடிய தூரம் குறைந்தது. பறக்கும்போது மூக்கு இடமும் வலமுமாக மெல்ல ஆடியதால், குறி பார்ப்பதும் கடினமானது.

1948 ஜூன் 5ம் தேதி பெரும் சோகம் நிகழ்ந்தது. இரண்டாவது ஒய்.பி.49 விமானம் கலிபோர்னியா பாலைவனத்தின் மேலே சோதனைக்காகப் பறந்தபோது, வானிலேயே உடைந்து விழுந்தது. அதில் இருந்த ஐந்து பேரும் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் விமானி கிளென் எட்வர்ட்ஸ். அவர் நினைவாக, அங்கிருந்த மியூராக் விமானத் தளத்துக்கு 'எட்வர்ட்ஸ்' என்று பெயர் சூட்டினார்கள்.

அதன் பின் அமெரிக்க விமானப் படை இந்தத் திட்டத்தைக் கைவிட்டது. முடிந்தவை, பாதியில் நின்றவை எல்லாமே உடைத்துப் பழைய உலோகமாக்கப்பட்டன. அந்தப் பெரிய விமானங்களில் ஒன்றுகூட இன்று இல்லை. 1952ல் நார்த்ரப் ஓய்வு பெற்றுவிட்டார்.

ரகசியப் பெட்டிக்குள்...

கதை முடிந்தது என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை!

1980ம் ஆண்டு. நார்த்ரப்புக்கு 84 வயது. நோயால் உடல் தளர்ந்து, பேசவும் முடியாத நிலை. அவர் தொடங்கிய நிறுவனத்தார் அவரை அழைத்துப் போய், ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார்கள். உள்ளே ஒரு விமானத்தின் சிறு மாதிரி. உடம்பு இல்லை, வால் இல்லை... வெறும் இறக்கை! வெளியில் யாருக்கும் தெரியாத ராணுவ ரகசியம் அது. அவருக்குக் காட்டுவதற்காகவே தனி அனுமதி வாங்கியிருந்தார்கள். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அவர் காலமானார்.

அந்த மாதிரிதான் பின்னாளில் பி-2 என்ற குண்டுவீச்சு விமானமாக உருவெடுத்தது. வால் இல்லாத தட்டையான உருவம் ராடாரின் கண்ணில் எளிதில் படாது. இதனால் பழைய யோசனைக்குப் புது மதிப்பு வந்தது.

சரி, அந்த ஆட்டம் என்ன ஆயிற்று? அதைத்தான் கம்ப்யூட்டர் கவனித்துக் கொண்டது! விமானம் சிறிது அசைந்தாலும், விமானி உணர்வதற்கு முன்பே கம்ப்யூட்டர் அதைக் கண்டுபிடித்து, தகடுகளை அசைத்துச் சரி செய்துவிடுகிறது. நார்த்ரப் காலத்தில் விமானத்துக்குள் வைக்கக்கூடிய அப்படிப்பட்ட கம்ப்யூட்டர் இல்லை. அவரிடம் இல்லாமல் போனது அதுதான்.

பி-2 விமானத்தின் அகலம் எவ்வளவு தெரியுமா? அதே 172 அடி! 1989 ஜூலை 17ம் தேதி அது முதன்முதலாகப் பறந்து, பத்திரமாகத் தரையிறங்கியது. இறங்கிய இடம்... எட்வர்ட்ஸ் விமானத் தளம்!

குழந்தைகளே! பாதியில் நின்றுபோன முயற்சி எதைப் பற்றிப் படித்தாலும், 'தோற்றுப் போனது' என்று உடனே பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். அதில் குறைந்தது என்ன என்று யோசியுங்கள். அந்தக் குறையை நிரப்பப் போகிறவர் நீங்களாகக்கூட இருக்கலாம்!