கைத்தொழிலுக்கும் ஒரு சர்டிபிகேட்

கேளம்பாக்கத்தில் எங்கள் தெரு அக்கா இருபது வருஷமாய் ரவிக்கை தைக்கிறார். கழுத்தும் கையும் அத்தனை கச்சிதம்! தாம்பரம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை கேட்டபோது, "சர்டிபிகேட் இருக்காம்மா?" என்றார்களாம். "தைச்சுக் காட்டறேன் சார்" என்றாராம். எடுபடவில்லை.

இந்தக் குறைக்காகத்தான் 2013 டிசம்பரில் மத்திய அரசு தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பைக் கொண்டு வந்தது. பெயர்தான் நீளம், விஷயம் எளிது. பள்ளிக்கூட வகுப்பு மாதிரி தொழிலுக்கும் படிகள். முதலில் 10; 2023 திருத்தத்துக்குப் பின் 8. எங்கே கற்றீர்கள் என்பதைவிட என்ன செய்யத் தெரியும் என்பதே கணக்கு. அம்மாவிடம் கற்ற தையலும் செல்லும்! 'முன்கற்றல் அங்கீகாரம்' என்ற வழியில், கேள்விகளுக்குப் பதில் சொல்லி, செய்தும் காட்டித் தேறினால் சான்றிதழ் கிடைக்கும்.

ஒன்றில் மட்டும் உஷார். பணத்தை வாங்கிக்கொண்டு பளபளவென்று காகிதம் நீட்டுகிற இடங்களும் உண்டு. சேருமுன், "இதுக்கு என்.சி.வி.இ.டி. அங்கீகாரம் இருக்கா? எந்தப் படி?" என்று கேட்டுவிடுங்கள். தொழிற்கல்விக்கான தேசியக் கவுன்சில் அது. கேட்கக் கூச்சம் எதற்கு?

அக்காவிடம் சொன்னேன். "தைக்கிறது கிடக்கட்டும்மா, அந்தக் கேள்வியெல்லாம் தமிழ்ல கேப்பாங்களா?" என்கிறார். அதையும் முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.