தண்ணீரில் கலந்த பொடி, லேப்டாப்புக்கு மின்சாரம்!

புதிதாக லேப்டாப் வாங்கிய என் சித்தப்பா, பேட்டரி இரண்டு மணி நேரத்தில் இறங்கிப்போவதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "லைட்டருக்கு கேஸ் அடைக்கிற மாதிரி, இதுக்கும் எதையாவது ஊத்திக்க முடியாதாப்பா?"

முடியும். அதற்குப் பெயர் ப்யூயல் செல், அதாவது எரிபொருள் மின்கலம். பேட்டரி, நாம் ஏற்றிய மின்சாரத்தைச் சேமித்து வைத்துத் தருகிறது. ப்யூயல் செல்லோ ஹைட்ரஜனையும் காற்றிலுள்ள ஆக்சிஜனையும் சேர்த்து, அங்கேயே மின்சாரம் தயாரிக்கிறது. கழிவு வெறும் தண்ணீர்தான். ஹைட்ரஜன் வரும்வரை மின்சாரமும் வரும்.

ஆனால் ஹைட்ரஜனை எதில் எடுத்துப் போவது? 50 வாட்-மணி லேப்டாப் பேட்டரியை ஒருமுறை நிரப்ப ஏறக்குறைய 3 கிராம் ஹைட்ரஜன் தேவை (ப்யூயல் செல் பாதி ஆற்றலை வெப்பமாக வீணாக்கும் என்று வைத்துக்கொண்டால்). 3 கிராம்தானே என்கிறீர்களா? சாதாரண அழுத்தத்தில் அது 36 லிட்டர் வாயு. கிட்டத்தட்ட இரண்டு குடிநீர் கேன்! அழுத்தி அடைக்கலாம், ஆனால் அந்த சிலிண்டரை லேப்டாப் பையில் யார் தூக்குவது?

பழைய கார்பைடு விளக்கை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். கார்பைடு கல் மீது தண்ணீர் சொட்டினால் அசிட்டிலீன் வாயு வரும், அதுதான் எரியும். வாயுவைச் சுமக்காமல், அதைத் தரும் பொருளைச் சுமக்கிறோம். இங்கேயும் அதே தந்திரம்தான்.

பொருள், சோடியம் போரோஹைட்ரைடு என்ற வெள்ளைப் பொடி. 14 கிராம் பொடி தண்ணீருடன் வினைபுரிந்தால் அந்த 3 கிராம் ஹைட்ரஜன் கிடைத்துவிடும். இதில் பாதி ஹைட்ரஜன்தான் பொடியிலிருந்து வருகிறது, மறுபாதி தண்ணீரிலிருந்து. வெறும் தண்ணீரில் போட்டால் பொடி தானாகவே மெல்ல வாயு விட ஆரம்பிக்கும். அதனால் கொஞ்சம் காஸ்டிக் சோடா கலந்து கரைசலைத் தூங்க வைக்கிறார்கள். கரைசல் ருத்தேனியம் போன்ற வினையூக்கி மீது பட்டால் உடனே விழித்துக்கொள்ளும். பம்ப் ஓடினால் வாயு, நின்றால் வாயு இல்லை. 2001-ல் கிரைஸ்லர் நிறுவனம் ‘நேட்ரியம்’ என்ற மாதிரி வேனையே இந்த முறையில் ஓட்டிக் காட்டியது.

பிறகு ஏன் நம் கைக்கு வரவில்லை? வாயு போன பிறகு மிஞ்சுவது சோடியம் மெட்டாபோரேட். வெண்காரத்துக்கும் கேரம் போர்டில் தூவும் போரிக் பவுடருக்கும் சொந்தக்காரர். 14 கிராம் பொடி, 24 கிராம் கழிவாகிறது. செலவழிந்த பிறகு எடை கூடும் எரிபொருள்! அது கட்டியாகிக் குழாயை அடைக்காமலிருக்க, தண்ணீரை அதிகமாகவே ஊற்ற வேண்டும். அதனால் 14 கிராம் பொடி நடைமுறையில் 70 கிராம் கரைசலாகிவிடுகிறது.

பெரிய சிக்கல் இன்னொன்று. கழிவைத் திரும்பப் பொடியாக்க, அது தந்ததைவிட அதிக ஆற்றல் செலவாகும். தயாரிப்புக்குச் சோடியம் உலோகம் வேண்டும். சோடியத்துக்கு மின்சாரம் வேண்டும். மின்சாரம் கொடுத்துப் பொடி செய்து, பொடியிலிருந்து மின்சாரம் எடுப்பதா? அமெரிக்க எரிசக்தித் துறையின் வல்லுநர் குழு 2007-ல், கார்களுக்கு இந்த முறை வேண்டாம் என்றே பரிந்துரைத்தது.

சிறிய கருவிகளில் முயற்சி தொடர்ந்தது. ஸ்வீடனின் மைஎஃப்சி நிறுவனம் 2011-ல் அறிமுகம் செய்த பவர்ட்ரெக் சார்ஜரில், சோடியம் சிலிசைடு அடைத்த சிறு டப்பாவைப் போட்டுக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினால் செல்போன் சார்ஜ் ஆகும். டப்பா ஒருமுறைக்குத்தான். மலையேறுபவர்களுக்கும், நாள்கணக்கில் பிளக் பாயிண்ட்டையே பார்க்காதவர்களுக்கும் இது பயன்படும் என்பது என் கருத்து. வீட்டில் வேண்டாம். பொடியை வாங்கி நீங்களே கலந்து பார்க்கும் எண்ணமும் வேண்டவே வேண்டாம். அடைத்த பாட்டிலில் ஹைட்ரஜன் சேர்ந்தால் ஒரு பொறி போதும்.

சித்தப்பாவிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டு, லேப்டாப்பை ஒருமுறை சார்ஜ் செய்ய ஒரு யூனிட்டில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு மின்சாரம் போதும் என்றேன். "அப்போ சார்ஜரையே குடு" என்றார்.