கம்பளி விரிப்புப் பராமரிப்பு

கம்பளி விரிப்புப் பராமரிப்பு என்பது செம்மறியாட்டுக் கம்பளியால் நெய்யப்பட்ட தரைவிரிப்புகளைத் தூசி, கறை, ஈரம், பூச்சி ஆகியவற்றிலிருந்து காக்கும் முறைகளைக் குறிக்கும். விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி போன்ற வறண்ட கரிசல் பகுதிகளில் பருத்தித் துணிக்குரிய சலவைப் பழக்கமே மிகுதி. அதே முறையைக் கம்பளிக்கும் கையாண்டால், கறையைவிடச் சலவையே விரிப்பைக் கெடுத்துவிடும்.

பின்னணி

அருப்புக்கோட்டை பருத்தி நெசவுக்கும் நூற்பாலைகளுக்கும் பெயர் பெற்ற ஊர். இவ்வட்டாரத்தின் வேம்பூர், இராமநாதபுரம் வெள்ளை ஆகிய செம்மறியாட்டு இனங்கள் இறைச்சிக்காக வளர்க்கப்படுபவை. குட்டை மயிர் கொண்ட இவற்றிலிருந்து விரிப்பு நெய்யத்தக்க கம்பளி கிடைப்பதில்லை. எனவே பாயும் பருத்தி ஜமக்காளமுமே இங்கு வழக்கமான விரிப்புகள். ஜமக்காளத்துக்குப் புகழ்பெற்ற ஈரோடு மாவட்டத்துப் பவானியின் ஜமக்காளம் 2005இல் புவிசார் குறியீடு பெற்றது. கம்பளி விரிப்புகள் உத்தரப் பிரதேசத்தின் பதோகி, மிர்சாப்பூர், வடக்கே காசுமீர் முதலிய இடங்களில் நெய்யப்பட்டு வருபவை.

இழையின் இயல்பு

பருத்தி செல்லுலோசால் ஆனது. சலவைச் சோடா போன்ற காரங்களைத் தாங்கும். கம்பளியோ முடி, நகம் போலக் கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. காரம் இதைச் சிதைக்கும். குளோரின் வெளுப்பான் மஞ்சளாக்கி, இறுதியில் கரைத்தே விடும். இரத்தம், பால் போன்ற புரதக் கறைகளைப் போக்க நொதி சேர்த்த சலவைத்தூள்கள் கம்பளியின் புரதத்தையும் அரிக்கும்.

கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் உள்ளன. வெந்நீரில் நனைத்துத் தேய்க்கும்போது இவை ஒன்றோடொன்று சிக்கி, இழைகள் இறுகிச் சுருங்குகின்றன. இச்சுருக்கத்தை மீண்டும் சரிசெய்ய இயலாது.

அன்றாடப் பராமரிப்பு

காற்றில் வரும் தூசியிலுள்ள மணல் துகள்கள் இழைகளின் அடியில் தங்கி, மிதிக்கும்போதெல்லாம் அவற்றை அறுக்கின்றன. வாரம் ஒருமுறையேனும் தூசி உறிஞ்சியால் சுத்தம் செய்ய வேண்டும். அது இல்லாத வீடுகளில் விரிப்பைக் கொடியில் போட்டுப் பின்புறத்தில் மெதுவாகத் தட்டலாம். கடும் வெயில் சாயத்தை மங்கச் செய்யும் என்பதால் நிழலில் உலர்த்துவதே நல்லது.

கறை நீக்கம்

ஈரக் கறையைத் தேய்க்கக் கூடாது. வெள்ளைப் பருத்தித் துணியால் ஓரத்திலிருந்து நடு நோக்கி ஒற்றி எடுக்க வேண்டும். எந்தக் கரைசலையும் முதலில் ஒரு மூலையில் இட்டு, சாயம் வெளியேறுகிறதா எனப் பார்க்க வேண்டும்.

கரிசல் சேறு: நனைந்தால் உப்பிப் பிசுபிசுப்பதும், காய்ந்தால் சுருங்கி வெடிப்பதும் கரிசல் களிமண்ணின் இயல்பு. ஆகவே சேற்றை முழுதும் காயவிட்டு, உதிர்த்து, பின் தூசியை உறிஞ்சி எடுக்க வேண்டும். ஈரத்தில் துடைத்தால் இழைக்குள் இறங்கிவிடும்.

தேநீர், காப்பி: வெதுவெதுப்பான நீரால் ஒற்றியபின், ஒரு பங்கு வெள்ளை வினிகருடன் இரண்டு பங்கு நீர் கலந்து ஒற்றலாம்.

வெற்றிலைச் சாறு: இதிலுள்ள சுண்ணாம்பு காரமானது. உடனே நீரால் ஒற்றி, பின் மேற்கண்ட வினிகர்க் கரைசலால் காரத்தைத் தணிக்க வேண்டும்.

மஞ்சள், குங்குமம்: உலர்ந்த பொடியை நனைக்காமல் உறிஞ்சி எடுக்க வேண்டும். ஆய்வகத்தில் மஞ்சள் தாள் காரத்தில் சிவப்பது போலவே, மஞ்சள் கறையும் சோப்புப் பட்டால் சிவக்கும்.

எண்ணெய், நெய்: சோளமாவைத் தூவிச் சில மணிநேரம் விட்டு, உறிஞ்சி எடுக்க வேண்டும்.

இரத்தம்: குளிர்ந்த நீர் மட்டுமே ஏற்றது, வெந்நீர் கறையை நிலைநிறுத்திவிடும்.

நீரும் சலவையும்

இப்பகுதியில் நிலத்தடி நீர் பல இடங்களில் கடினமாகவும் உவர்ப்பாகவும் உள்ளது. கடின நீரில் சோப்பு நுரைக்காமல் படிவாகி இழையில் ஒட்டிக்கொள்ளும். அப்படிவு மேலும் தூசியைப் பிடிக்கும். சேமித்த மழைநீரும், பட்டு, கம்பளித் துணிகளுக்கான நீர்மச் சலவைக்கரைசலும் ஏற்றவை. கையால் முடிச்சிட்ட விரிப்புகளின் பாவும் ஊடும் பெரும்பாலும் பருத்தி நூலே. அடிப்புறம் நெடுநேரம் ஈரமாக இருந்தால் அந்நூல் மக்கும். ஆதலால் காற்று வறண்டிருக்கும் மாதங்களே முழுச்சலவைக்கு உகந்தவை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அதைத் தவிர்க்க வேண்டும். பழைய விரிப்பையும் சாயம் கசியும் விரிப்பையும் தேர்ந்த சலவையாளரிடம் கொடுப்பதே பாதுகாப்பு.

பூச்சியும் சேமிப்பும்

துணி அந்துப்பூச்சியின் புழுக்களும் கம்பள வண்டின் புழுக்களும் கெரட்டினை உண்பவை. கட்டிலடி போன்ற இருண்ட, அசையாத இடங்களில் இவை பெருகும். விரிப்பை அவ்வப்போது புரட்டி வெளிச்சம் காட்டினால் குறையும். அந்துருண்டையின் ஆவி திறந்த அறையில் கலைந்துவிடும். மூடிய பெட்டியில்தான் பயன் தரும். எடுத்துவைக்குமுன் விரிப்பைச் சுத்தம் செய்து நன்கு உலர்த்தி, மடிக்காமல் சுருட்டி, பருத்தித் துணியால் சுற்ற வேண்டும். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளே தங்கவைக்கும்.