ஃப்ளூ காய்ச்சலில் கைவைத்தியம்: எது வரை வீட்டில், எப்போது மருத்துவமனை

ஐப்பசி மழை இறங்கியதும் புறநோயாளிகள் பிரிவில் காய்ச்சல் வரிசை நீளத் தொடங்கிவிடும். தில்லி போன்ற வடபுல நகரங்களில் ஃப்ளூ காய்ச்சல் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மிகுதியாகக் காணப்படுகிறது. சென்னையில் அது வடகிழக்குப் பருவமழையை ஒட்டி, அக்டோபர், நவம்பர் மாதங்களில் உச்சம் பெறுகிறது. தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, காசிமேடு, திருவொற்றியூர்ப் பகுதிகளிலிருந்து வந்து அந்த வரிசையில் அமர்ந்திருப்போரில் பெரும்பாலோர் வீட்டில் ஏதேனும் ஒரு கைவைத்தியம் செய்துபார்த்த பின்னரே வருகின்றனர். ஒருவர் சுக்குக் கஷாயம் குடித்திருப்பார். மற்றொருவர் ஆவி பிடித்திருப்பார். நெற்றியில் பற்றுக் காயாமலே வருவோரும் உண்டு. மருத்துவர் கடிந்துகொள்வாரோ என்று அஞ்சி அதனைச் சொல்லாமல் மறைப்பவர்களும் உளர். மறைக்க வேண்டியதில்லை. என்ன கொடுத்தீர்கள், எத்தனை நாள் கொடுத்தீர்கள் என்பது மருத்துவருக்குத் தேவையான செய்தி.

ஃப்ளூ என்று சுருக்கமாக அழைக்கப்படும் இன்ஃபுளுவென்சா, வைரஸ் கிருமியால் வருவது. சாதாரணச் சளி மெல்ல மெல்ல வரும். ஃப்ளூ திடீரென்று வரும். காலையில் வேலைக்குச் சென்றவர் மாலையில் குளிர் நடுக்கத்துடன் படுத்துவிடுவார். கடுமையான காய்ச்சல், உடல்வலி, தலைவலி, தொண்டைக் கரகரப்பு, வறட்டு இருமல், எழுந்து நடக்கவும் இயலாத அயர்ச்சி ஆகியவை இதன் அடையாளங்கள். காய்ச்சல் பெரும்பாலும் மூன்று, நான்கு நாள்களில் தணியும். இருமலும் களைப்பும் இரண்டு வாரம் வரை நீடிக்கலாம்.

துறைமுகத்தை ஒட்டி வாழும் நமக்கு இந்நோய் புதிதன்று. 1957ஆம் ஆண்டு உலகெங்கும் பரவிய ஆசிய ஃப்ளூ இந்தியாவுக்குள் நுழைந்த வாயில் சென்னைத் துறைமுகமே. அவ்வாண்டு மே மாதத்தில் சிங்கப்பூரிலிருந்து வந்த 'ரஜூலா' என்ற பயணிகள் கப்பலில் நோயாளிகள் பலர் இருந்தனர். மலாயா சென்றுவந்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு அந்தக் கப்பலின் பெயர் இன்றும் நினைவிருக்கும். அடுத்த சில மாதங்களில் நாடு முழுவதும் 44 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றதாகப் பதிவாயிற்று. பதிவான இறப்புகள் ஏறத்தாழ 1,100. ஃப்ளூ வைரஸைக் கட்டுப்படுத்தும் மருந்து எதுவும் அன்று வழக்கில் இல்லை. கஞ்சியும் கஷாயமும் ஓய்வுமே பெரும்பாலோருக்குக் கிடைத்த சிகிச்சை.

இந்தக் கணக்கை இரண்டு விதமாகப் படிக்க வேண்டும். ஃப்ளூ கண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் தம் உடலின் எதிர்ப்பாற்றலாலேயே தேறிவிடுகின்றனர். ஆகவேதான் அவரவர் வீட்டுக் கஷாயமே நோயைத் தீர்த்தது என்று ஒவ்வொரு குடும்பமும் உறுதியாக நம்புகிறது. அதே வேளையில், ஒரு சிலருக்கு நோய் நுரையீரலுக்குள் இறங்கிவிடுகிறது. எந்தக் கஷாயமும் அதனைத் தடுப்பதில்லை. கைவைத்தியம் தொல்லையைக் குறைக்கும், வைரஸை அழிக்காது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு நம் அடுப்படி மருந்துகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலிடம் கஞ்சிக்குத்தான். காய்ச்சலில் வியர்வையாலும் வேகமான மூச்சாலும் உடல் நீரை இழக்கிறது, பசியும் இருப்பதில்லை. பூண்டும் சீரகமும் சேர்த்து, உப்பிட்டு, நீர்க்கக் காய்ச்சிய நொய்க்கஞ்சி நீர், உப்பு, மாவுச்சத்து மூன்றையும் ஒருசேரத் தருகிறது. மிளகு ரசம், மோர், இளநீர், காசிமேட்டு வீடுகளில் சளிக்கென்றே வைக்கும் நண்டு ரசம் ஆகிய யாவும் நல்லவையே. (பர்மாவிலிருந்து வந்தவர்கள் வடசென்னைக்குத் தந்த வாழைத்தண்டு சூப்பையும் இதில் சேர்க்கலாம், சூடாக இருந்தால் போதும்.) ஒரேயடியாகக் குடிக்கவைக்காமல் சிறிது சிறிதாக, அடிக்கடி கொடுக்க வேண்டும். சிறுநீர் வெளிர் நிறத்தில் கழிகிறதா என்று பாருங்கள். அடர் மஞ்சளாக இருந்தால் நீர் போதவில்லை என்று பொருள். இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு மட்டும் இந்த அறிவுரை பொருந்தாது. அவர்கள் எவ்வளவு நீர் அருந்தலாம் என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். இளநீரில் பொட்டாசியம் மிகுதி என்பதால் டயாலிசிஸ் செய்துகொள்வோர் அதனைத் தவிர்க்க வேண்டும்.

பத்தியம் என்ற பெயரில் முட்டை, மீன், பால் அனைத்தையும் நிறுத்திவிடுவது நம்மிடையே வழக்கம். இதற்குத் தேவையில்லை. செரிக்கக்கூடியதை, நோயாளி விரும்புவதைக் கொடுக்கலாம். முதியவர்கள் ஒரு வாரம் வெறுங்கஞ்சியிலேயே கிடந்தால், காய்ச்சல் போன பின்பும் எழுந்திருக்கும் வலு இருக்காது.

தொண்டை வலிக்கு ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பிட்டுக் கொப்பளிப்பது எளிய, தீங்கற்ற வழி. இருமலுக்குத் தேன் உண்மையிலேயே பயன் தருகிறது. இரவில் குழந்தையின் இருமலைத் தேன் ஓரளவு குறைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. படுக்கும் முன் அரை முதல் ஒரு தேக்கரண்டி வரை கொடுக்கலாம். ஆனால் ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்துகள் பச்சிளங்குழந்தையின் குடலில் வளர்ந்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நச்சை உண்டாக்கலாம். பிறந்த குழந்தையின் நாவில் தேன் தொட்டு வைக்கும் வழக்கத்தை, வீட்டுப் பெரியவர்கள் மனம் நோகாமல் எடுத்துச் சொல்லிக் கைவிடச் செய்வது நல்லது.

சுக்கு, மிளகு, திப்பிலி, துளசி, கற்பூரவல்லி, தூதுவளை, ஆடாதொடை என்று கஷாயப் பட்டியல் நீளமானது. சூடான பானம் தொண்டையை இதமாக்கி, கட்டிய சளியை இளக்குகிறது. ஆடாதொடையைப் பற்றிச் சிறப்பாகச் சொல்ல வேண்டும். சளியை இளக்க இன்று மருந்துக்கடைகளில் கிடைக்கும் புரோம்ஹெக்சின் என்னும் மருந்து, ஆடாதொடை இலையிலுள்ள வாசிசின் என்ற பொருளை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கப்பட்டதே. நம் பாட்டிமார் அறிந்து வைத்திருந்தது வெறும் நம்பிக்கையன்று. ஆயினும், வலிமையுள்ள மூலிகைக்குத் தீங்கு செய்யும் வலிமையும் உண்டு. ஆடாதொடை கருப்பையைச் சுருங்கச் செய்யக்கூடியது. கர்ப்பிணிகள் அதனை அருந்தலாகாது. மிளகும் சுக்கும் மிகுந்தால் வயிற்றுப்புண் உள்ளவர்களுக்கு எரிச்சல் கூடும். நிலவேம்புக் குடிநீரையும் கபசுரக் குடிநீரையும் அருந்த விரும்புவோர் அரசு மருத்துவமனைகளின் சித்தா பிரிவில் வயதைச் சொல்லி, அளவு கேட்டுப் பெறுவதே முறை. எதைக் குடித்தாலும், மருத்துவர் எழுதித்தந்த சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, ஆஸ்துமா மருந்துகளை நிறுத்தக் கூடாது.

ஆவி பிடிப்பதில் எச்சரிக்கை தேவை. மூக்கடைப்பு சிறிது நேரம் விலகும். அதற்கு மேல் பயனில்லை. கொரோனா இரண்டாம் அலையின்போது, 2021 மே மாதத்தில், பொது இடங்களில் ஆவி பிடிக்கும் ஏற்பாடுகள் பெருகியதையும், அவற்றைத் தவிர்க்குமாறு அரசே கேட்டுக்கொள்ள நேர்ந்ததையும் வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இடநெருக்கடி உள்ள வீட்டில், போர்வைக்குள் கொதிநீர்ப் பாத்திரத்தின் முன் குழந்தையை உட்காரவைப்பது தீக்காயத்துக்கு வழி. குழந்தைகளுக்கு உப்புநீர் மூக்குச் சொட்டு மருந்தே போதும். கற்பூரத்தையோ நீலகிரித் தைலத்தையோ மூக்கினுள் தடவுவதும், ஒரு துளியேனும் உள்ளுக்குக் கொடுப்பதும் ஆபத்து. சிறு குழந்தைகளுக்கு வலிப்பு வரக்கூடும். இரண்டு வயதுக்கு உட்பட்டோருக்கு இவ்வகைத் தைலங்களை மார்பிலும் தடவ வேண்டாம்.

சாம்பிராணிப் புகை கிருமியை ஓட்டும் என்பதும் பரவலான எண்ணம். லாரிப் புகையும் தொழிற்சாலைத் தூசியும் ஏற்கெனவே சுவாசித்து வாழும் பகுதி நமது. வீக்கம் கண்டிருக்கும் மூச்சுக்குழலுக்கு மேலும் ஒரு புகை எதற்கு? கொசுவர்த்திச் சுருளும் அவ்வாறே. கொசுவலை கட்டிச் சன்னலைத் திறந்துவைப்பது மேல். காய்ச்சலில் நடுங்குபவருக்குப் போர்வை தரலாம். நடுக்கம் நின்றதும் கம்பளியை விலக்கி, மெல்லிய பருத்தி ஆடையும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் துடைப்பும் போதும். பனிக்கட்டி நீர் வேண்டாம்.

மாத்திரைகளுக்கு வருவோம். காய்ச்சலுக்கும் உடல்வலிக்கும் பாராசிட்டமால் ஒன்றே நம்பத்தக்கது. டோலோ, கால்பால், குரோசின் என்று பெயர் மாறினாலும் உள்ளிருப்பது அதுவே; பெயர் வேறென்று இரண்டையும் சேர்த்து விழுங்கினால் கல்லீரல் பாதிக்கப்படும். உடல்நலமுள்ள பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராமே உச்ச வரம்பு. 650 மில்லிகிராம் மாத்திரையானால் ஆறுக்கு மேல் கூடாது. மதுப்பழக்கம், கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு இதனினும் குறைவு. குழந்தைக்கு வயதை அன்று, எடையைக் கொண்டே அளவு கணக்கிடப்படும்: ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரை, ஆறு மணி நேர இடைவெளியில்.

கடையில் "காய்ச்சலுக்கு ஒரு செட் மாத்திரை" என்று கேட்டு வாங்கும் பழக்கம்தான் இக்கட்டுரையில் சொல்லப்பட்ட எல்லாவற்றிலும் ஆபத்தானது என்பது எம் கருத்து. அந்தச் சிறு பொட்டலத்தில் ஆன்டிபயாடிக் இருக்கலாம். அது வைரஸுக்கு எதிராக வேலை செய்யாது. ஸ்டீராய்டு இருக்கலாம், அது காய்ச்சலை மறைத்துவிடும். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்ற வலிநிவாரணி இருக்கலாம். வந்திருப்பது டெங்குவாக இருந்தால் அது இரத்தக்கசிவுக்கு வழிவகுக்கும். குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் அறவே கூடாது.

டெங்குவைக் குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. ஃப்ளூ வரும் அதே மழைக்காலத்தில்தான் டெங்குவும், தேங்கிய நீரில் நடப்பவர்களுக்கு எலிக்காய்ச்சலும் வருகின்றன. மூக்கொழுகலும் இருமலும் இருந்தால் ஃப்ளூவாக இருக்கும் வாய்ப்பு மிகுதி. அவையின்றிக் கண்ணின் பின்புறம் வலி, வாந்தி, தோலில் சிவப்புப் புள்ளிகள், கெண்டைக்காலில் கடும் வலி ஆகியவை தோன்றினால் வீட்டிலிருந்து ஊகிக்காமல் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

2009ஆம் ஆண்டு பன்றிக்காய்ச்சல் என்ற பெயரில் எச்1என்1 ஃப்ளூ பரவியபோது, தண்டையார்பேட்டைத் தொற்றுநோய் மருத்துவமனை நோயாளிகளைத் தனிமைப்படுத்திச் சிகிச்சை அளிக்கும் இடமாக விளங்கியது. சளி மாதிரிகள் கிண்டி கிங் ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டன. அந்நாளில் மத்திய சுகாதாரத் துறை வகுத்த ஏ, பி, சி என்னும் பிரிவு முறை, வீட்டில் கவனிப்போருக்கும் நல்ல வழிகாட்டி.

லேசான காய்ச்சலும் இருமலும் மட்டும் உள்ளவர் ஏ பிரிவு. மேலே சொன்ன வீட்டுப் பராமரிப்பே அவருக்குப் போதும். கர்ப்பிணிகள், 65 வயது கடந்தோர், ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள், ஆஸ்துமா, நாட்பட்ட நுரையீரல் நோய், சர்க்கரை, இதயம், சிறுநீரகம், புற்றுநோய் ஆகியவற்றுக்குச் சிகிச்சை பெறுவோர், நெடுநாள் ஸ்டீராய்டு உட்கொள்வோர் ஆகியோருக்கு ஃப்ளூ கண்டால் அது பி பிரிவு. இவர்கள் கஷாயம் குடித்துப் பார்ப்போம் என்று காத்திருக்கலாகாது. ஃப்ளூ வைரஸின் பெருக்கத்தைத் தடுக்கும் ஓசெல்டாமிவிர் மாத்திரை, நோய் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் மிகுந்த பயன் தரும். அந்த இரண்டு நாளைக் கைவைத்தியத்தில் கழித்துவிட்டு மூன்றாம் நாள் வருவோரைக் காணும்போதுதான் மருத்துவர்களுக்கு வருத்தமாக இருக்கிறது.

மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, உதடு நீலம் பூத்தல், குழப்பமான பேச்சு, இருமலில் இரத்தம், எழுப்ப இயலாத தூக்கம் ஆகியவற்றில் ஒன்றேனும் இருந்தால் சி பிரிவு. நேரம் பாராமல் 108ஐ அழையுங்கள். குழந்தை மூச்சு விடும்போது விலாவின் கீழ்ப்பகுதி உள்வாங்குகிறதா என்று சட்டையை விலக்கிப் பாருங்கள். அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள்: இரண்டு மாதம் நிறையாத சிசுவுக்கு 60, பன்னிரண்டு மாதம் வரை 50, ஐந்து வயது வரை 40, அல்லது அதற்கு மேல் இருந்தால் அது நிமோனியாவின் அறிகுறியாகலாம். பால் குடிக்க மறுப்பதும், எட்டு மணி நேரமாகச் சிறுநீர் கழியாமையும் அவ்வாறே.

குடும்பத்தினர் எளிதில் தவறவிடும் அறிகுறி ஒன்று உண்டு. நான்காம் நாள் காய்ச்சல் தணிந்து, நோயாளி எழுந்து உட்கார்ந்து, வீடே நிம்மதி அடைந்திருக்கும். ஆறாம், ஏழாம் நாளில் மீண்டும் குளிர்காய்ச்சலும் மஞ்சள் நிறச் சளியும் தோன்றும். இது பழைய ஃப்ளூவின் மிச்சமன்று. நலிந்த நுரையீரலில் பாக்டீரியாக் கிருமி புகுந்திருக்கலாம். அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும். காய்ச்சல் ஏறிய நேரம், கொடுத்த மாத்திரை, குடித்த கஷாயம் ஆகியவற்றை ஒரு தாளில் குறித்து எடுத்துவந்தால் மருத்துவரின் பாதி வேலை முடிந்துவிடும். இரண்டு வாரம் கடந்தும் நிற்காத இருமலுக்குச் சளிப் பரிசோதனை அவசியம்; காசநோய் இல்லை என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

ஆபத்துப் பிரிவினர் ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்வது நல்லது. உடலில் எதிர்ப்பாற்றல் உருவாக ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும் என்பதால், மழை தொடங்கும் முன்னரே மருத்துவரைக் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். ஐயம் எதுவாயினும் 104 என்ற எண்ணில் இலவச மருத்துவ ஆலோசனை கிடைக்கும்.

ஒரே அறையில் ஐந்தாறு பேர் உறங்கும் வீட்டில் தனி அறை ஒதுக்குங்கள் என்று எழுதுவது எளிது, செய்வது அரிது. நோயாளியைச் சன்னலோரம் படுக்கவைத்து, அவரும் கவனிப்பவரும் முகக்கவசம் அணிந்து, டம்ளரையும் துண்டையும் தனியே வைத்து, கைகளைச் சோப்பிட்டுக் கழுவினாலே பரவல் பெரிதும் குறையும். கைக்குழந்தையையும் கர்ப்பிணியையும் அந்தச் சில நாள் உறவினர் வீட்டில் தங்கவைக்க முடியுமானால் நல்லது. துறைமுகத்திலும் மீன்பிடித் துறையிலும் நாட்கூலிக்குச் செல்வோருக்கு ஒரு நாள் ஓய்வும் இழப்பே என்பதை அறிவோம். ஆயினும், மாத்திரையின் துணையின்றி 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாதிருந்த பின்னரே வேலைக்குத் திரும்ப வேண்டும். திரும்பிய முதல் சில நாள் முகக்கவசத்தைக் கழற்ற வேண்டாம்.