கேசட்டுக்குள் துரு ஊசிகள்

பாட்டி பாடிய தாலாட்டையோ, அக்காள் கல்யாணத்து நாதசுரத்தையோ பதிந்து வைத்த பழைய கேசட் ஒன்று உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கலாம். அதன் நாடா பழுப்பு நிறமாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பழுப்பு, லயத்துத் தகரக் கூரையில் படிகிற துருவுக்கு நெருங்கிய உறவு. இரும்பும் பிராணவாயுவும் சேர்ந்த இந்தப் பொருளை இரும்பு ஆக்சைடு என்பார்கள்.

அப்படியானால் கூரைத் துருவைச் சுரண்டி நாடாவில் பூசினால் பாட்டுக் கேட்குமா? கேட்காது. அதில் காந்தத் தன்மை மிகக் குறைவு என்பது ஒரு காரணம். துகளின் வடிவம் இன்னொரு காரணம். அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

நாடாவிலுள்ள துகள் ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். ஒலி பதியும்போது அதன் காந்தத் திசை இப்படியும் அப்படியும் புரட்டப்படுகிறது. துகள் நகர்வதில்லை, உள்ளேயிருக்கும் காந்தத் திசைதான் மாறுகிறது. பிறகு அது அப்படியே நின்றால்தான் பாட்டியின் குரல் நிலைக்கும். உருண்டைத் துகளில் அந்தத் திசை எளிதில் பிறழ்ந்துவிடும். ஊசிபோல் நீண்ட துகளிலோ அது நீளவாக்கில்தான் நிற்கும். புரட்டுவதற்குப் பலமான காந்தம் வேண்டும்.

1935இல் ஜெர்மனியில் ஒலிநாடாக் கருவி அறிமுகமானது. அதன் பின் அங்கே நாடாக்களில் பூசப்பட்ட ஆக்சைடுத் துகள்கள் தாயக்கட்டை வடிவத்தில் இருந்தன. அமெரிக்காவில் மார்வின் கேம்ரஸ் என்பவர் ஊசி வடிவ ஆக்சைடை ஆராய்ந்து 1954இல் காப்புரிமை பெற்றார். 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் வெளியிட்ட கேசட்டில் இத்தகைய ஊசிகள்தாம் பயன்பட்டன. ஊசியின் நீளம் சுமார் அரை மைக்ரான். அதாவது, 2,000 ஊசிகளை வரிசையாக வைத்தால் 1 மில்லிமீட்டர் வரும்.

இவ்வளவு சிறிய ஊசியை எந்தக் கொல்லன் அடித்துச் செய்வான்? கரைசலில் அது தானாகவே வளர வேண்டும். அன்னபேதி உப்பை நீரில் கரைத்து, காஸ்டிக் சோடா சேர்த்துக் காற்றை ஊதுவார்கள். பச்சைக் குழம்பு மெல்ல மஞ்சளாகும். அந்த மஞ்சள்தான் ஊசி. ரப்பர் பாலை உறைய வைத்துப் பழகியவர்களுக்கு இதிலுள்ள நுட்பம் எளிதில் விளங்கும். ஆசிட் கூடிவிட்டால் பால் சட்டென்று இறுகிவிடுகிறதல்லவா? இங்கேயும் காரத்தின் அளவு, சூடு, காற்று ஊதும் வேகம் மூன்றும் பிசகக் கூடாது. காரம் குறைந்து, சூடு ஏறி, காற்றும் மந்தமானால், மஞ்சள் ஊசிக்குப் பதிலாகக் கறுப்புத் துகள்கள் கட்டை கட்டையாக விளைந்துவிடும். கற்கண்டு நூலைப் பற்றி வளர்வதுபோல, முதலில் சிறு விதைத் துகள்களை உண்டாக்கி, அவற்றின் மேல் ஊசியை வளர்க்கும் முறையும் உண்டு.

மஞ்சள் ஊசிக்கும் காந்தத் தன்மை கிடையாது. சோதனையே இனிமேல்தான். அதைச் சுட்டால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகிச் செந்நிறமாகும். பிறகு ஹைட்ரஜன் வாயுவில் 400 டிகிரி அளவில் சூடாக்கினால் கறுப்பாகும். மறுபடி காற்றில் இதமாகச் சூடேற்றினால் காந்தத் தன்மையுள்ள பழுப்பாகும். நான்கு நிறம் மாறியும் வடிவம் மட்டும் மாறக் கூடாது! சூடு மிஞ்சினால் ஊசிகள் ஒன்றோடொன்று ஒட்டி உருண்டையாகிவிடும். பட்ட பாடெல்லாம் வீண். அதனால் சுடுவதற்கு முன்பே ஊசியின் மேல் சிலிகேட் அல்லது பாஸ்பேட்டை மெல்லிய போர்வைபோல் படிய விடுவார்கள். எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் பிடித்த யுக்தி இதுதான்.

கடைசியாக ஊசிகளைப் பசையில் குழைத்து நாடாவில் பூசி, ஈரம் காயுமுன் காந்தத்தின் வழியே இழுப்பார்கள். ஊசிகள் நாற்று நட்டதுபோல் ஒரே திசையில் வரிசை கட்டிக்கொள்ளும்.

உங்கள் வீட்டுக் கேசட்டிலும் ஊசிகள் இன்னும் அப்படியேதான் இருக்கும். அவற்றைப் பிடித்திருக்கும் பசைதான் நம் நாட்டுப் புழுக்கத்தில் ஈரம் குடித்துத் தளர்ந்துபோகும். ஒலிபெருக்கிப் பெட்டிமேல் கேசட்டை வைக்காதீர்கள்; அதனுள் பெரிய காந்தம் இருக்கிறது. பாட்டியின் குரலைக் கூடிய விரைவில் கணினியிலோ கைப்பேசியிலோ நகல் எடுத்து வையுங்கள்.