பற்பட்டையும் எண்ணெய்ப் பம்பும்

எங்கள் தெருவில், டீசல் வேன் ஒன்றை வாடகைக்கு ஓட்டிக் குடும்பம் நடத்தும் இளைஞர் ஒருவர் வாழ்கிறார். வேன் கடன்பட்டு வாங்கியது. மாதந்தோறும் தவணை கட்ட வேண்டியது. 2019ஆம் ஆண்டில் ஒரு நாள், நெடுஞ்சாலையில் சென்றுகொண்டிருந்த அவ்வேன், சடசடவென ஓர் ஒலி எழ, உயிரற்றதுபோல் நின்றுவிட்டது. கயிறு கட்டி இழுத்துச் சென்று ஒரு பட்டறையில் திறந்து பார்த்தபொழுது, டைமிங் பெல்ட் எனப்படும் பட்டையின் பற்கள் உதிர்ந்திருந்தன, வால்வுகள் வளைந்திருந்தன. பட்டை பழையதாகிவிட்டது, அதனால் வந்த வினை இது என்று கூறி, புதிய பட்டையும் புதிய வால்வுகளும் பொருத்திக் கொடுத்தனர். இளைஞர் மனைவியின் நகையை அடகு வைத்துப் பணம் கொடுத்தார். இருபதாம் நாள் வேன் மீண்டும் அவ்வாறே நின்றது. புதுப்பட்டை இருபது நாளில் பற்களை இழப்பது எங்ஙனம்? இதனை அறிய வேண்டுமாயின், எஞ்சினுக்குள் நிகழ்வன யாவை என்பதை முதலில் காண வேண்டும்.

டீசல் என்பது எரிபொருளின் பெயராக நம் செவிக்குப் பழகியிருப்பினும், உண்மையில் அது ஒரு மனிதரின் பெயராகும். ருடால்ப் டீசல் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1858இல் பாரிசு நகரில் பிறந்தவர். அவர் ஆக்சுபர்க் நகரத்துத் தொழிற்சாலை ஒன்றில் பல்லாண்டு முயன்று, 1897இல் தம் எஞ்சினைச் செவ்வனே இயங்கச் செய்தார். பெட்ரோல் எஞ்சினில் மின்சாரத் தீப்பொறி எரிபொருளைப் பற்றவைக்கின்றது. டீசல் எஞ்சினிலோ அத்தகைய தீப்பொறி இல்லை. உருளைக்குள் புகுந்த காற்று, தன் பருமனில் பதினைந்தில் ஒரு பங்காகவோ இருபதில் ஒரு பங்காகவோ நசுக்கப்படுகின்றது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்பொழுது பம்பின் அடிப்பகுதி சுடுவதை நீங்கள் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். அவ்வாறே, நசுக்குண்ட காற்று 500 பாகை சென்டிகிரேடுக்கும் மேலாகச் சூடேறுகின்றது. அந்த அனற்காற்றில் தூவப்படும் எண்ணெய் தானே தீப்பற்றிக்கொள்ளும். பொறி என்னும் சொல்லுக்கு எந்திரம் எனவும் தீத்துளி எனவும் இரு பொருள் உண்டு. டீசல் அமைத்தது, பொறியின்றி எரியும் பொறி.

உருளைகளில் பிஸ்டன்கள் மேலும் கீழும் இயங்குகின்றன. காற்றை உள்வாங்கல், நசுக்கல், எரிந்து உந்தல், புகையை வெளியேற்றல் என்னும் நான்கு தொழில்களும் நிறைவேற, கிராங்குத் தண்டு இரு முறை சுழல வேண்டும். அவ்விரு சுழற்சிக்குள் ஒவ்வொரு வால்வும் ஒரு முறையே திறந்து மூட வேண்டும். ஆதலின் வால்வுகளைத் திறக்கும் காம் தண்டு, கிராங்குத் தண்டின் சரிபாதி வேகத்தில் சுழலுமாறு அமைக்கப்பட்டுள்ளது. கிராங்குத் தண்டு நிமிடத்திற்கு 3,000 முறை சுழலுமாயின், ஒவ்வொரு வால்வும் ஒரு நொடியில் 25 முறை திறந்து மூடும்.

டீசல் எஞ்சினில் காற்றை அவ்வளவு நசுக்க வேண்டியிருத்தலின், பிஸ்டன் மேலேறி நிற்கும்பொழுது அதன் தலைக்கும் மேல்மூடிக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இடைவெளியே எஞ்சும். முழுதும் திறந்த வால்வோ பல மில்லிமீட்டர் கீழிறங்கி நிற்பது. ஒன்று விலகிய பின்னரே மற்றொன்று அவ்விடத்திற்கு வருதல் வேண்டும். வெண்பாவில் சீர் பிறழ்ந்தால் தளை தட்டும். படிப்பவர் முகம் சுளிப்பார், அவ்வளவே. இங்கே முறை பிறழ்ந்தால் இரும்பு இரும்பை மோதும்.

இம்முறையைக் காப்பதற்காகவே இரு தண்டுகளும் இணைக்கப்படுகின்றன. பேருந்து, லாரி முதலியவற்றின் பெரிய எஞ்சின்களில் பெரும்பாலும் பற்சக்கரங்களே இணைப்பாக உள்ளன. கார்களிலும் சிறு வேன்களிலும் சங்கிலியோ, பற்கள் அமைந்த பட்டையோ இருக்கும். 1962இல் ஜெர்மனியின் கிளாஸ் கம்பெனி விற்பனைக்குக் கொணர்ந்த சிறு பெட்ரோல் கார் ஒன்றில் இத்தகைய பட்டை அமைந்தது. பின்னர்ப் பிறரும் அதனைக் கைக்கொண்டனர். ஓசை குறைவு, எடை குறைவு, விலையும் குறைவு. பட்டை செயற்கை ரப்பரால் ஆயது. அதனுள்ளே, நீளாதபடி தாங்கும் கண்ணாடி இழைக் கயிறுகள் ஓடுகின்றன. கண்ணாடி என்றதும் ஐயுற வேண்டா. மெல்லிய இழையாக இழுக்கப்பட்ட கண்ணாடி மிக்க வலிமையுடையது. ஆயினும் புதுப்பட்டையைக் கையால் இறுக மடக்கினால் இழைகள் ஒடிந்துபோகும். கண்ணுக்கு யாதொரு குறையும் தோன்றாது. குறை பின்னர்த்தான் வெளிப்படும்.

பட்டையின் ஆயுளைக் கிலோமீட்டரிலும் ஆண்டிலும் வண்டி செய்தோரே வரையறுத்துக் குறிப்பேட்டில் அச்சிட்டுத் தருகின்றனர். வண்டிக்கு வண்டி அவ்வளவு வேறுபடும். ஓடாமல் நின்ற வண்டியிலும் ரப்பர் முதுமையடையும். ஆகவே இரண்டனுள் எது முந்துகின்றதோ அதுவே கணக்கு. பட்டை ஓர் உறைக்குள் மறைந்து ஓடுவதாலும், வெளித்தோற்றம் நன்றாயிருக்கும்பொழுதே அற்றுப்போகக் கூடுமாதலாலும், பார்த்து முடிவு செய்வோம் என்பது பயன் தராது. பட்டையை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரையும் அதனுடன் மாற்றுவர். பல எஞ்சின்களில் தண்ணீர்ப் பம்பையும் இப்பட்டையே சுழற்றுகின்றது. அப்பம்பு இறுகி நின்றால் புதுப்பட்டையும் தாளாது.

இனி எண்ணெய்ப் பம்பிற்கு வருவோம். எஞ்சினின் அடித்தொட்டியில் தேங்கிய எண்ணெயை, ஒரு சல்லடையின் வழியாக இது உறிஞ்சி, வடிகட்டிக்குள் செலுத்தி, நுண்குழாய்களின் வழியே எங்கும் அனுப்புகின்றது. சுழலும் தண்டிற்கும் அதன் தாங்கிக்கும் நடுவே மயிரிழையினும் மெல்லிய எண்ணெய்ப் படலம் நிற்கின்றது. தண்டு இரும்பின்மேல் சுழல்வதன்று. எண்ணெயின்மேல் மிதந்து சுழல்வது. டர்போ என்னும் காற்றூட்டியின் அச்சு நிமிடத்திற்கு 1,00,000 முறைக்கும் மேல் சுழல வல்லது. அத்தகையது எண்ணெயின்றிச் சில நொடி ஓடினாலே சிதைந்துவிடும்.

பம்பு கெடும் வழிகள் பல. அதன் பற்கள் தேயலாம், அழுத்தத்தை அடக்கும் வால்வு திறந்தபடியே சிக்கிக்கொள்ளலாம், சல்லடை அடைபடலாம். சிலவகை டீசல் எஞ்சின்களில் விரல் நீளமுள்ள அறுகோணத் தண்டு ஒன்றே பம்பைச் சுழற்றுகின்றது. அதன் முனைகள் தேய்ந்து வட்டமாகிவிடின், எஞ்சின் ஓடும், பம்பு நிற்கும். அவ்வளவு பெரிய எஞ்சினின் உயிரை அச்சிறு துண்டில் வைத்தது எனக்கு இன்றும் வியப்பே.

எண்ணெய் அழுத்தம் குறைந்ததைக் காட்ட ஓட்டுநர் முன்னே ஒரு சிவப்பு விளக்கு உண்டு. அதில் எண்ணெய்க் கிண்டி போன்ற படம் இருக்கும். இது முன்னறிவிப்பு என்று பலர் எண்ணுகின்றனர், அது பிழை. எஞ்சின் ஓடுகையில் எண்ணெய் அழுத்தம் பொதுவாகச் சதுர சென்டிமீட்டருக்கு 2 முதல் 4 கிலோகிராம் வரை இருக்கும். பல வண்டிகளில் அது அரைக் கிலோகிராம் அளவிற்குக் கீழே வீழ்ந்த பின்னரே விளக்கு எரிகின்றது. அஃதாவது, ஏறக்குறைய எல்லாம் போன பின்னர்த்தான். எரிந்தால் அவ்விடத்திலேயே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்த வேண்டும். வீடு அரைக் கல் தொலைவில் இருப்பினும் ஓட்டலாகாது.

இனி, வேனின் கதைக்கு வருவோம். இரண்டாம் முறை அதனை வேறோர் ஊர் மேஸ்திரியிடம் கொண்டு சென்றனர். அம்முதியவர் பட்டையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "பல் உதிர்ந்தது உண்மைதான், தம்பி. உதிர்த்தது யார்?" என்று கேட்டாராம். பின்னர் காம் தண்டைக் கழற்றினார். அதன் தாங்கிகளில் ஆழ்ந்த கீறல்கள் இருந்தன. முன்னைய பட்டறையில் உப்புத்தாளால் தேய்த்து மறைத்த தடமும் இருந்தது. அடித்தொட்டியைத் திறந்தார். எண்ணெய்ப் பம்பின் சல்லடையைக் கரிய கசடு மூடியிருந்தது. எண்ணெய் மாற்ற வேண்டிய தவணைகளை இளைஞர் இருமுறை தள்ளிப் போட்டிருந்தார். "விளக்கு எப்போதாவது எரிந்ததா?" என்று மேஸ்திரி கேட்டார். எஞ்சின் சூடேறிய பின், வண்டி நிற்கும்பொழுது மட்டும் மினுக்கும் என்றும், வேகம் கூட்டினால் அணைந்துவிடும் என்றும், கம்பியில் ஏதோ கோளாறு என்று தாம் எண்ணியதாகவும் இளைஞர் கூறினார்.

நிகழ்ந்தது இதுவே. எஞ்சினின் உச்சியில் இருக்கும் காம் தண்டிற்கு எண்ணெய் இறுதியாகத்தான் சென்று சேரும். சல்லடை அடைபடவே, எண்ணெய் மேலே ஏறவில்லை. வறண்ட தாங்கியில் காம் தண்டு சிக்குண்டு நின்றது. கிராங்குத் தண்டோ நில்லாது இழுத்தது. இடையில் அகப்பட்ட பட்டை பற்களை இழந்தது. முதற் பட்டறையார் காரியத்தைக் காரணமாகக் கொண்டனர். தருக்க நூல் பயின்றோரும் இப்பிழைக்கு ஆளாவதுண்டு. அவர்களைமட்டும் குறை கூறுவானேன்?

அண்மைக் காலத்தில் செய்யப்படும் சில எஞ்சின்களில் பட்டை எண்ணெயிலேயே நனைந்து ஓடுமாறு அமைத்துள்ளனர். அவற்றில் தகாத எண்ணெய் ஊற்றினாலோ, எண்ணெயைக் காலத்தில் மாற்றாவிடினோ, ரப்பர் துகள் துகளாக உதிர்ந்து பம்பின் சல்லடையை அடைக்கின்றது. அங்கே பட்டை பம்பைக் கெடுக்கும். எங்கள் தெரு வேனிலோ பம்பின் சல்லடை பட்டையைக் கெடுத்தது.

மேஸ்திரி தொட்டியையும் குழாய்களையும் கழுவி, பம்பையும் காம் தண்டையும் தாங்கிகளையும் மாற்றினார். இரு சக்கரங்களிலும் உள்ள குறிகளை நேர்நிறுத்திப் புதுப்பட்டையைப் பூட்டினார். உடனே சாவியைத் திருப்ப வந்த இளைஞரைத் தடுத்து, ஸ்பானரைக் கிராங்கு முனையில் மாட்டி, கையாலேயே மெல்ல இரு முறை முழுதும் சுழற்றினார். எங்கேனும் முட்டுமாயின் கை அறியும், எஞ்சின் அறியாது. இரண்டாம் சுற்று முடிந்ததும் குறிகள் மீண்டும் நேர்நின்றன. அதன் பின்னரே சாவியைத் திருப்பச் சொன்னார். எஞ்சின் முழங்கியது. இருவரும் எஞ்சினை நோக்கவில்லை. சிவப்பு விளக்கையே நோக்கினர். இரண்டு நொடியில் அது அணைந்தது.