மங்கிப்போன ஹெட் லைட்டை வீசிவிடாதீர்கள்

கல்முனையிலிருந்தும் காத்தான்குடியிலிருந்தும் சரக்கெடுக்க இரவோடிரவாகக் கொழும்பு புறப்படும் வேன்களைப் பார்த்திருப்பீர்கள். எஞ்சின் நன்றாக இருக்கும், டயரும் புதிதாக இருக்கும். ஹெட் லைட் மட்டும் புரை விழுந்த கண்போல மஞ்சள் பூத்துக் கிடக்கும். ஹபரணை, மின்னேரியப் பக்கம் பாதைக்கு வரும் யானை அந்த வெளிச்சத்தில் எவ்வளவு தூரத்தில் தெரியும் என்பது ஓட்டுகிறவருக்குத்தான் தெரியும்.

2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடைப்பட்ட காலமெல்லாம் நம்மைச் சுமந்தவை பழைய வாகனங்களே. அவற்றின் ஹெட் லைட் மூடி கண்ணாடியல்ல, பொலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். கல் பட்டாலும் இலேசில் உடையாது. ஆனால் வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர் அதற்கு ஆகாது. அதனால் தொழிற்சாலையிலேயே மேலே ஒரு காப்புப் பூச்சு பூசி அனுப்புகிறார்கள். அந்தப் பூச்சு தேய்ந்த பிறகுதான் மஞ்சள் ஏறுகிறது. அமெரிக்க மோட்டார் சங்கமான ட்ரிபிள் ஏ 2018 இல் வெளியிட்ட ஆய்வின்படி, நன்றாக மங்கிய ஹெட் லைட் டிம் வெளிச்சத்தில் தருவது புதியதன் 22 வீதம் மட்டுமே. பழுது பார்த்தால் சுமார் 70 வீதம் வரை திரும்பக் கிடைக்கிறதாம்.

பஞ்சிகாவத்தைக்கு ஓடுமுன் ஒரு சின்னச் சோதனை. மூடியின் மேல் தண்ணீர் ஊற்றுங்கள். ஈரமாக இருக்கும்போது தெளிவாகத் தெரிந்தால் பழுது வெளிப்புறத்தில். வீட்டிலேயே சரி செய்யலாம். ஈரத்திலும் தெளியாவிட்டால் உட்புறம் மங்கியிருக்கலாம், அல்லது உள்ளே வெடிப்பு ஓடியிருக்கலாம். அப்படியானால் மாற்றத்தான் வேண்டும். பழைய லொறிகளில் உள்ளது உண்மையான கண்ணாடி. அதில் வோட்டர் பேப்பரை வைத்துவிடாதீர்கள்.

வேலை அரை நாள்தான். நன்றாகக் கழுவி, சுற்றியுள்ள பெயின்ட்டுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். 800 இலக்க வோட்டர் பேப்பரில் ஆரம்பித்து 1500, 2000, 3000 என்று போக வேண்டும். தண்ணீர் விட்டுக்கொண்டே தேய்க்க வேண்டும். முதல் பேப்பரில்தான் பொறுமை வேண்டும். பழைய பூச்சு திட்டுத் திட்டாக மிஞ்சினால், பிறகு எவ்வளவு தேய்த்தும் அந்தத் திட்டு மறையாது. தேய்த்து முடித்ததும் மூடி முன்பைவிட மோசமாக, பால் நிறத்தில் தெரியும். பயப்பட வேண்டாம்.

இதற்குப் பிறகுதான் அநேகர் கோட்டை விடுகிறார்கள். கொம்பவுண்ட் போட்டுப் பளபளப்பாக்கி, அழகாகிவிட்டது என்று விட்டுவிடுகிறார்கள். காப்பு இல்லாத பிளாஸ்டிக் நமது வெயிலுக்கு எத்தனை மாதம் தாங்கும்? பற்பசை வைத்தியமும் இதே கதைதான். கொசு விரட்டி ஸ்பிரே அடிப்பவர்களும் உண்டு. அது பிளாஸ்டிக்கின் மேற்பரப்பையே கரைத்துக் காட்டும் பளபளப்பு. தினர் பட்டால் மயிரிழை வெடிப்பு விழும்.

ஆகவே புற ஊதாக் கதிரைத் தடுக்கும், ஹெட் லைட்டுக்கென்றே விற்கும் கிளியர் கோட் ஸ்பிரே ஒன்றை வாங்குங்கள். அதை அடிப்பதானால் கொம்பவுண்ட் தேவையில்லை. அதன் பிசுக்கு இருந்தால் பூச்சு ஒட்டாது. ஐசோபுரொப்பைல் அல்கஹோலால் துடைத்துக் காய விட்டு, தூசி பறக்காத நிழலில், காற்றோட்டம் பார்த்து, முகமூடி அணிந்து, மெல்லியதாக இரண்டு மூன்று தடவை அடியுங்கள். ஒரே தடவையில் கனமாக அடித்தால் வழியும். ஒரு நாளாவது மழை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேப்பர், டேப், ஸ்பிரே எல்லாம் சேர்த்தாலும் புதிய ஹெட் லைட் சோடி ஒன்றின் விலைக்குக் கிட்டவும் வராது. சேர்விஸ் ஸ்டேஷன் வைத்திருக்கும் நமது சகோதரர்கள் இதையும் ஒரு வேலையாகச் சேர்த்துக்கொள்ளலாம். பெரிய முதல் தேவையில்லை. வெளியே கொடுத்துச் செய்விப்பவர்கள் விலை பேசுமுன், கடைசியில் என்ன பூசுவீர்கள் என்று கேளுங்கள். மெழுகு போதும் என்று பதில் வந்தால், மெழுகுக்குரிய காசை மட்டும் கொடுங்கள்.